கேதுருத் தூள்

2025 ஜனவரி 14, செவ்வாய்

புதுக் கொப்பி. முதல் பக்கம் என்பதால் முறைப்படி தொடங்குகிறேன். பெயர் அக்னெஸ். வயது ஐம்பத்திரண்டு. கலியாணம் கட்டவில்லை, இனிக் கட்டும் உத்தேசமும் இல்லை. மொன்றியல் பக்கம் டொலார்ட்டில் அண்ணை அல்பேட்டும் நானும் சேர்ந்து ஒரு மரப் பட்டறை நடத்துகிறோம். கணினி சொன்னபடி பலகை வெட்டும் சி.என்.சி மெஷின் என்னுடையது. தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேசை, உளி, பசை எல்லாம் அண்ணையுடையவை. பதினாலு வருடமாக இந்த எல்லை மாறவில்லை.

இன்று வெளியே மைனஸ் இருபத்தொன்று. உள்ளே தூசி உறிஞ்சியின் குழாய் அடைத்துக்கொண்டது. மெஷினை நிறுத்தி, குழாயைக் கழற்றி, முழங்கை வரை கையை விட்டு இழுத்தேன். மரச் சீவல் கட்டிகட்டியாக வந்தது. தூள் சேரும் பீப்பா நிறைந்ததைப் பார்க்காமல் யாரோ ஓட்டியிருக்கிறார்கள். யாரோ என்றால் நான்தான். வேறு யார்?

தடுப்புக்கு அப்பால் அண்ணை இருமிக்கொண்டே இருந்தார். கிறிஸ்மஸுக்கு முன்பிருந்தே இந்த இருமல்.

ஜனவரி 15

கேதுருப் பலகை வந்து இறங்கியது. பட்டறை முழுக்க மணம். அண்ணை ஒரு பலகையைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்துவிட்டு இருமினார்.

ஜனவரி 19, ஞாயிறு

பூசையில் அண்ணை பாடவில்லை. பாடல் குழுவில் முன்வரிசையில் நிற்பவர். இரண்டாவது அடியிலேயே இருமல் வந்து பின்னால் போய்விட்டார். அண்ணையின் மனைவி, றோசா மச்சாள், என்னைப் பார்த்தாள். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தேன்.

பின்னேரம் கர்க்லாண்டில் அவர்கள் வீட்டில் சாப்பாடு. ஞாயிறு மட்டுமல்ல, கிழமையில் ஐந்து நாளும் எனக்கு அங்கேதான் இரவுச் சாப்பாடு. மச்சாள் புட்டை வைத்தபடி அண்ணையை ஏசினாள்.

“அந்த நாளையிலை ஊதித் தள்ளின சிகரெட் இப்ப கணக்குக் கேக்குது.”

“விட்டு இருவத்திரண்டு வருசமாச்சு, றோசா.”

“நீங்கள் விட்டியள். அது உங்களை விடேல்லை.”

அண்ணை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். அவரும் அப்படித்தான் நம்புகிறார் போல.

ஜனவரி 26

பனி கொட்டியது. வெளியே போகவில்லை. பழையதை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

1994 பெப்ரவரி. அண்ணை என்னை ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு மூன்று நாள். கோட்-டெ-நேஜில் மூன்றாம் மாடி, ஒன்றரை அறை. றோசா மச்சாள் அப்போது வரவில்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அண்ணை ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை. நான் ஜன்னலடியில் இருந்து பஸ்களை எண்ணுவேன். நாலரைக்கே இருட்டிவிடும். ஆறு மணிக்குப் படியில் காலடி கேட்பதற்கு முன்பே மணம் வந்துவிடும், வெட்டிய பலகையின் மணம். தொப்பியைக் கழற்றி உதறுவார், காதுக்குள்ளிருந்தும் தூள் கொட்டும். “சீ, உள்ளுக்கு வராதேங்கோ!” என்று கத்துவேன். அவர் வேண்டுமென்றே வந்து என் தலைமேல் உதறுவார். மற்றவர்களைக் கேட்டால் மொன்றியல் என்றதும் பனி, மெற்றோ என்று எதையாவது சொல்வார்கள். எனக்கு அந்த மணம்தான் மொன்றியல். அதற்காகத்தான் நானும் இந்தத் தொழிலுக்கு வந்தேனோ? இருக்கலாம். பிரெஞ்சு தெரியாமல் பிரெஞ்சில் மெஷின் படிப்புப் படித்ததற்கு வேறு காரணம் தெரியவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

அண்ணை டொக்டரிடம் போய் வந்தார். டொக்டர் சிகரெட்டைப் பற்றி அதிகம் கேட்கவில்லையாம். என்ன வேலை, என்ன மரம் என்றுதான் கேட்டாராம். ஊதிப் பார்க்கும் ஒரு சின்னக் குழல் கொடுத்திருக்கிறார். பலமாக ஊதினால் முள் ஓர் எண்ணில் நிற்கும். எண் குறைந்தால் மூச்சுக்குழாய் சுருங்குகிறது. நாலு வாரம், ஒரு நாளைக்கு நாலு தரம் ஊதி, வேலை நாளையும் லீவு நாளையும் ஒப்பிட வேண்டும். அண்ணைக்கு எழுதிவைக்கப் பொறுமை இல்லை. “நீ எழுது, பிள்ளை” என்று என்னிடம் தந்துவிட்டார்.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஒரு வாரத்து எண்களைக் குறித்தாயிற்று. சனி, ஞாயிறு நானூற்றைம்பதுக்கு மேல். வேலை நாட்களில் காலை நானூற்றுமுப்பது, மத்தியானம் முந்நூற்றறுபது. இரவு வீட்டில் இருநூற்றுத்தொண்ணூறு.

சிகரெட் சனி ஞாயிறு பார்த்து லீவு எடுக்காது. எனக்கே விளங்குகிறது.

பெப்ரவரி 16, ஞாயிறு

இதை எங்கேயாவது எழுதியே ஆகவேண்டும்.

மெஷினில் பிட், அதாவது வெட்டும் அலகு, சுழலும் இடத்தைச் சுற்றி ஒரு தும்புப் பாவாடை பூட்டவேண்டும். தூரிகை மயிர் மாதிரித் தும்பு வட்டமாகத் தொங்கும். சீவலும் தூளும் அதற்குள்ளேயே நின்று குழாய் வழியாகப் பீப்பாவுக்குப் போகும். பூட்டினால் பிட் தெரியாது. எனக்கு பிட்டைப் பார்க்கவேண்டும். சீவல் சுருளாகப் பறந்தால் வெட்டு நல்லது, மாவாக வந்தால் பிட் மழுங்கிவிட்டது, வெட்டிய பள்ளத்துக்குள் சீவல் இறுகினால் விளிம்பு கருகும். இதெல்லாம் என் கண்ணால் பார்த்து ஓட்டித்தான் பழக்கம். ஆகவே பாவாடையைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, கையில் கொம்பிரசர் துப்பாக்கியோடு நின்று பள்ளத்துச் சீவலைக் காற்றால் ஊதித் தள்ளுவேன்.

ஒவ்வொரு நாள் காலையும் தடுப்புக்கு அப்பாலிருந்து அண்ணை கேட்பார்: “பாவாடை போட்டாச்சோ?”

“ஓம் அண்ணை.”

போடுவதே இல்லை. போன கிறிஸ்மஸுக்கு, காந்தம் வைத்துப் பூட்டும் புதுப் பாவாடை ஒன்று வாங்கித் தந்தார். பெட்டி இன்னும் உடைக்கவில்லை.

பெரிய சீவல் கீழே விழும், கூட்டி அள்ளலாம் என்றுதான் நினைத்தேன். கண்ணுக்குத் தெரிவதைத்தானே மனுசர் தூசி என்று நினைக்கிறோம். வெள்ளிக்கிழமை மெஷினை நிறுத்தி ஒரு மணித்தியாலம் கழித்து மேற்கு ஜன்னலால் வெயில் வந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன், தடுப்புக்கு மேலால் அண்ணையின் பக்கம் வரை தூள் அப்படியே மிதந்துகொண்டிருந்தது. விழவே இல்லை.

அவர் சிகரெட் என்று தன்னையே நொந்துகொள்கிறார். நான் பக்கத்திலிருந்து புட்டுச் சாப்பிடுகிறேன்.

சொல்லவேண்டும். சொன்னால்? இந்த நாட்டில் எனக்கு இருப்பது அந்த ஒரு மனுசன்தான். என்னை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்தவர். இனி நம்புவாரா?

பெப்ரவரி 17

பெட்டியை உடைத்தேன். பாவாடை பூட்டினேன். ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை. இதற்குத்தானா பதினாலு வருடம்!

பெப்ரவரி 20

பிட் தெரியவில்லை, குருட்டு வேலை மாதிரி இருக்கிறது. ஆனால் பள்ளங்கள் சுத்தமாக வருகின்றன, ஒரு விளிம்பும் கருகவில்லை. வெட்கமாக இருக்கிறது.

மத்தியான எண் நானூறு. ஆனால் இரவு எண் ஏறவில்லை, முந்நூற்றைந்து. மெஷின் நாலு மணிக்கே நின்றுவிடுகிறதே. பிறகு எது?

பெப்ரவரி 28, வெள்ளி

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஏரிக்கரை வீடு ஒன்றுக்குச் செய்த ஜன்னல் மறைப்புகளில் முதல் பதினெட்டைக் கொண்டுபோய்ப் பூட்டினோம். எல்லாம் கேதுரு. திரும்பி வரும்போது அண்ணை ஏரியோரப் பாதையால் வான் வண்டியை மெதுவாக ஓட்டினார். 2011இல் மெஷின் வாங்கிய புதிதில் விநியோகம் முடிந்தால் இதே பாதையில் நிறுத்தி, ஒரு பிளாஸ்கில் தேத்தண்ணி குடிப்போம். அண்ணை பாடுவார், நான் டாஷ்போர்டில் தாளம் போடுவேன். இன்று நிறுத்தினார். பாடவில்லை. “குளிர், போவம்” என்றார் கொஞ்ச நேரத்தில்.

மார்ச் 3, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

எண்களைத் திரும்ப ஒருமுறை பார்த்தேன். வேலை நாட்களில் ஒரே ஓர் இரவு மட்டும் நானூற்றுப்பத்து. பெப்ரவரி 21. அன்று நான் பல் டொக்டரிடம் போனதால் மூன்றரைக்கே வெளிக்கிட்டுவிட்டேன். அன்றைக்கு அவரை ஊதிவிட ஆள் இல்லை.

2011 மே மாதம், மெஷின் ஓடிய முதல் நாள். சாயந்தரம் இரண்டு பேரும் மாவில் உருண்ட மாதிரி நின்றோம். இப்படியே போனால் மச்சாள் வீட்டுக்குள் விடமாட்டாள் என்று நான் கொம்பிரசர் துப்பாக்கியை எடுத்து அண்ணையின் முதுகில் அடித்தேன். கைகளைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி நின்றார். “கழுத்தடி, கழுத்தடி!” என்றார். பிறகு துப்பாக்கியைப் பறித்து என்னைத் துரத்தினார். நாற்பத்தேழு வயது மனுசனும் முப்பத்தெட்டு வயதுக் குமரும் பலகைகளைச் சுற்றி ஓடினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்தது.

அன்று தொடங்கியது. ஒவ்வொரு சாயந்தரமும், வீட்டுக்குப் போகுமுன், கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியபடி, ஒருவரை ஒருவர் ஊதிவிடுவோம். சண்டை பிடித்த நாளிலும் விடவில்லை. ஒன்றும் பேசாமல் வந்து முதுகைக் காட்டுவார். நான் ஊதுவேன். பாதியில் சிரிப்பு வந்துவிடும்.

என் வாழ்க்கையில் ஆகச் சந்தோசமான ஐந்து நிமிடம் அதுதான். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நாள் முழுக்க உடுப்பில் படிந்த நுண்தூளைக் கிளப்பி அவர் மூக்குக்கு நேரே அடித்திருக்கிறேன்.

மார்ச் 4

கொம்பிரசர் பழுது என்று சொல்லிவிட்டேன். இன்னொரு பொய். அண்ணை ஒரு துணியால் தன் தோளை மெல்லத் தட்டிக்கொண்டு, “பழுதாப் போன சாமானைத் திருத்தோணும் பிள்ளை, வெறிச்செண்டு இருக்கு” என்றார்.

மார்ச் 5, விபூதிப் புதன்

பாவசங்கீர்த்தனம் செய்தேன். முழுவதையும் சொன்னேன், பாவாடை, துப்பாக்கி, பொய், எல்லாம்.

“அண்ணையிட்டைச் சொன்னீங்களோ?” என்றார் சுவாமி.

“இல்லை சுவாமி.”

“ஆண்டவருக்கு இது முதலே தெரியும். தெரியாத ஆளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ.”

சரிதான். சுகமான வழி ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

டொக்டரிடம் அண்ணையோடு நானும் மச்சாளும் கூடப் போனோம். வேலையால் வந்த ஆஸ்துமா. கேதுரு. உடம்பு ஒருமுறை அந்தத் தூளைப் பகைத்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் காணுமாம். முகமூடி, பாவாடை, நல்ல உறிஞ்சி ஒன்றும் போதாது. இனிப் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது. “Jamais”, ஒருபோதும், என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். அண்ணை அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். முப்பத்தேழு வருடம் இங்கே இருக்கிற மனுசன். அந்தச் சொல் தெரியாமலா?

மார்ச் 9, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மச்சாள் கோயிலில் கூட்டம் என்று நின்றுவிட்டாள். அண்ணை குசினி மேசையில் இருந்தார்.

“அண்ணை, ஒண்டு சொல்லவேணும். நீங்கள் பாவாடை போட்டாச்சோ எண்டு கேக்கேக்கை நான் ஓம் எண்டனான். போடேல்லை.”

“எப்ப போடேல்லை?”

“எப்பவும்.”

விளங்காத மாதிரிப் பார்த்தார்.

“பதினாலு வருசமோ?”

“போன மாதம்தான் பூட்டினனான். பின்னேரத்திலை ஊதிவிடுறதும் கூடாதாம். அதுவும் நான் துவங்கினதுதான். கொம்பிரசரும் பழுதில்லை.”

“ஊதினதை விடு. அது ரெண்டு பேரும் சேந்து விளையாடினது. எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.” மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். “நான் கேட்டனான் அக்னெஸ். ஒவ்வொரு நாளும் கேட்டனான். நீ போட்டிட்டாய் எண்டுதான் நான் அங்கை முகமூடி இல்லாமல் நிண்டனான்.”

பிள்ளை என்று சொல்லவில்லை. அக்னெஸ் என்றார்.

“அண்ணை—”

“வெளிக்கிடு. இப்ப போ.”

சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். படியில் இருந்து மாட்டினேன். உள்ளேயிருந்து இருமல் கேட்டது. ஐயோ, என்ன செய்து வைத்திருக்கிறேன் நான். என்ரை அண்ணையை நானே—

மார்ச் 17

பட்டறையில் தனியே. அண்ணை வீட்டிலிருந்தே அளவும் வரைபடமும் போட்டு மின்னஞ்சலில் அனுப்புகிறார். வரைபடம் மட்டும் வரும், கீழே பெயர்கூட இல்லை. ஆனால் எந்தக் கோட்டிலும் பிழை இல்லை.

நான் ஒவ்வொரு காலையும் பாவாடை பூட்டிய மெஷினைப் படம் எடுத்து அவருடைய போனுக்கு அனுப்புகிறேன். பார்த்துவிட்டார் என்று நீலக் கோடு விழும். பதில் இல்லை.

மார்ச் 26

இரவுச் சாப்பாடு: கோர்ன் பிளேக்ஸ், பால். நிற்கிறபடியே சாப்பிட்டேன்.

ஏப்ரல் 3

கொம்பிரசர் துப்பாக்கியைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். நுண்தூளையும் பிடிக்கிற வடிகட்டி வைத்த புது உறிஞ்சி வாங்கி, உடுப்பை அதாலேயே உறிஞ்சி எடுக்கிறேன். முதுகுக்குக் கை எட்டாது. வளைந்து வளைந்து முயற்சி செய்துவிட்டு விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 20, உயிர்த்த ஞாயிறு

முப்பது வருடத்தில் அவர்கள் வீட்டில் சாப்பிடாத முதல் உயிர்ப்பு விழா. பூசையில் அண்ணை நாலு வரிசை முன்னால் இருந்தார். பாடவில்லை, ஆனால் இருமவும் இல்லை. அது போதும் என்று நினைக்கப் பார்த்தேன். போதவில்லை.

பின்னேரம் மச்சாள் இறைச்சிக் கறி கொண்டு வந்தாள். கதவடியில் என்னை மணந்து பார்த்தாள். “குளிச்சிட்டுத்தானே இருக்கிறியள்? உங்கடை உடுப்பிலை இருந்தும் அவருக்கு இழுப்பு வருமாம்” என்றாள். குளித்திருந்தேன். மரத்து மணம் ஒன்றும் இல்லை என்னில், சவர்க்காரம்தான். முன்பெல்லாம் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மணம் என்று இவள் பகிடி பண்ணுவாள்.

“அவர் என்ன சொல்லுறார்?”

“ஒண்டும் சொல்லேல்லை. காலமை எட்டரைக்கு போனைக் கையிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார். படம் வந்தாப் பிறகுதான் தேத்தண்ணி குடிக்கிறார்.”

மே 13, செவ்வாய்

அண்ணை அழைத்தார். ஒன்பது கிழமைக்குப் பிறகு. மெஷின் சத்தத்தில் முதலில் கேட்கவில்லை, நிறுத்திவிட்டு வெளியே ஓடினேன்.

“நீ டொக்டரிட்டைப் போனியோ?”

“நானோ? எனக்கென்ன?”

“எனக்கு நடுவிலை ஒரு தடுப்பு இருந்தது. நீ பதினாலு வருசம் அந்த மெஷினுக்கு மேலை குனிஞ்சு நிண்டனீ. உனக்கு நெஞ்சு இல்லையோ?”

எனக்கு உண்மையாகவே அந்த யோசனை வரவில்லை. ஒரு நாள்கூட வரவில்லை.

“விசரி” என்றார். “இருவத்தெட்டாம் திகதி காலமை பத்து மணி. நான் பதிஞ்சிட்டன். வந்து ஏத்திறன். குளிச்சு, புது உடுப்புப் போட்டுக்கொண்டு நில்.”

மே 28, புதன்

ஒன்பதேகாலுக்கே வந்து நின்றார். மெலிந்திருக்கிறார்.

கண்ணாடி அறைக்குள் என்னை இருத்தி, மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயை வைத்தார்கள். தாதி “soufflez, soufflez”, ஊதுங்கள், என்றாள். நான் பாதியிலேயே தளர்ந்துவிட்டேன். அண்ணை கண்ணாடிக்கு வெளியே எழுந்து நின்று கத்தினார். “விடாதை, விடாதை! இன்னும்! இன்னும் கொஞ்சம்!” தாதி சிரித்துவிட்டாள். அடுத்த தரம் கண்ணில் நீர் வரும் வரை ஊதினேன்.

என் நெஞ்சில் பழுது இல்லை. அவருக்கு வந்தது எனக்கு வரவில்லை. ஏன் என்று டொக்டருக்கும் தெரியாதாம், சிலருக்கு அப்படித்தானாம். வருடத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். அண்ணை அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை இரண்டு முறை வாசித்தார். பிறகு கதிரையில் இருந்து முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். எனக்கு வந்திருக்கக்கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. அவரிடம் சொல்லவில்லை.

தாதி என்னைக் காட்டி, மனைவியா என்று பிரெஞ்சில் கேட்டாள். தங்கை என்று பிரெஞ்சிலேயே சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பாமல் தமிழில், “பொய்க்காறி. ஆனால் நல்லாய் வெட்டுவாள்” என்றார். தாதி விளங்காமலே தலையாட்டினாள்.

காரடிக்கு வந்ததும் கதவைத் திறக்காமல் நின்றார்.

“நாளையிலை இருந்து படம் அனுப்பாதை.”

“ஏன் அண்ணை?”

“காலமை நான் போன் எடுத்துக் கேக்கிறன். நீ வாயாலை சொல்லு, பிள்ளை. காணும்.”

காருக்குள் ஏறியதும் அழுதுவிட்டேன். அண்ணை ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, நேரே பாதையைப் பார்த்துக்கொண்டு கர்க்லாண்டுக்கு ஓட்டினார். மச்சாள் மூன்று பேருக்கும் சோறு போட்டிருந்தாள்.